சரிவில் பார்த்த ஆயில்

அந்த வண்டிக்கு ஆயில் ஊற்றியது நான்தான், டிரைவர் அல்ல. இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லை. அதனால் அவருக்கு வேலை போயிற்று, பெயர் கெட்டது, கடைசியில் ஊரை விட்டே போனார். எனக்கு அவருடைய துணை போயிற்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதுவதே தவறு என்று தெரிகிறது. ஆனாலும் சனிக்கிழமை விடிந்தால் எனக்கு முதலில் உறைப்பது அவர் இழந்தது அல்ல, நான் இழந்ததுதான். அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் பாலிடெக்னிக்கில் டீசல் என்ஜின் பாடம் நடத்தியவன். ஓய்வு பெற்றதும் கள்ளக்குறிச்சிக்கே திரும்பி வந்தோம். மனைவி இறந்த பிறகு அவளுடைய தம்பி வீட்டு மாடியில் குடியிருந்தேன். மச்சானுக்கு விதை, பூச்சிமருந்துக் கடை. சனிக்கிழமைதோறும் அவருடைய வண்டி கல்வராயன் மலையேறிக் கரியாலூர் வரை போகும். வழியில் உள்ள ஊர்களுக்கு வேண்டியதை இறக்கிவிட்டு, அடுத்த வாரம் என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு வரும். ஏழு பேர் உட்காரும் டர்போ டீசல் வண்டி. பின் சீட்டுகளை மடித்து மூட்டைகளை அடுக்கியிருப்போம்.

“வூட்டுல செவத்தயே பாத்துக்கினு இருக்கறதுக்கு மலைக்குப் போய்ட்டு வாங்க மாமா, காத்தாவது மாறும்” என்று மச்சான்தான் என்னை முன் சீட்டில் ஏற்றிவிட்டார்.

டிரைவர் நைனார்பாளையத்துக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் ஜீப்பில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்று, இருபது வருடம் அந்த மலைக்கு ஜீப் ஓட்டியவர். முதல் சனிக்கிழமையே பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு ரப்பர் குழாயை விரலால் தட்டிக் காட்டினார்.

“நீங்க இன்ஜின் வாத்தியாருன்னு மொதலாளி சொன்னாரு. ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? ஜீப்புல இந்த மூச்சுக்குழா கீழ தொங்கும். பொகைய ரோட்டுல வுட்டுக்கினே போவும். இதுல இன்னாத்துக்கு அத்த மறுபடியும் இன்ஜினுக்குள்ளயே வுடறான்?”

நான் வகுப்பறைக் குரலில் விளக்கினேன். பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கசிந்து, கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். அதற்கு வழி விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அந்த வாயுவோடு ஆயில் ஆவியும் கலந்திருப்பதால் அதைக் காற்றில் திறந்து விடக் கூடாது. ஆகவே ஆயிலைப் பிரித்தெடுக்கும் ஒரு சின்ன டப்பா வழியாக அனுப்பி, டர்போ காற்றை உறிஞ்சும் வாயிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். டர்போ அதையும் சேர்த்து உறிஞ்சி எரிக்கக் கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்டின்னா வண்டி ஏப்பம் வுட்டு, அத்த அதுவே முழுங்கிக்கினு போவுது. மாட்ட விட மோசம் சார். மாடாவது புல்ல அசபோடுது.”

மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மூன்று வருடம் அப்படிப் போனோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்புவதற்கு முன் அவர் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார். லேசாகப் பிசுபிசுப்பு இருந்தால் சரி. விரல் நனைந்தால் எங்கோ தப்பு. பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வரும் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்ப்பார். காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைப்பதுபோல முகம் இருக்கும். நான் பாடமாகச் சொன்னதை அவர் கையால் தெரிந்து வைத்திருந்தார். அது எனக்குச் சந்தோஷமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மலையேறி நின்றதும் அவர் என்ஜினை உடனே நிறுத்த மாட்டார். டர்போ சூடாக இருக்கும், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். அந்த ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். கண்ணாடியை இறக்கினால் குளிர் உள்ளே வரும். எங்கோ மரவள்ளிக் காட்டில் யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் ஏங்குவது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்றால் என் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

அந்த வருடங்களில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்தது. என் நடுவயதில், மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட நாட்களைப் பார்த்தவன் நான். இந்த முறை மனு, முற்றுகை, மறியல். எங்கள் சமூகத்துக்காக நடந்தது அது. கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். மறியலில் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்ததும் தெரிந்த முகம், சொந்தக்காரர் என்று வழி விடுவார்கள்.

“இன்னிக்கி நீங்கதான் சார் நமக்கு பர்மிட்டு” என்பார் டிரைவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரிப்பேன். தான் தனியாக வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆயில் ஊற்றிய அந்தச் சனிக்கிழமை நாங்கள் கரியாலூர் போய்ச் சேர்ந்த பிறகு, கீழே கச்சிராயபாளையம் சாலையில் மறியல் என்று போன் வந்தது. சாயங்காலம்தான் கலைவார்கள் என்றார்கள். வண்டி போகாத ஒரு கிராமத்துக்கு இஞ்சிப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து கொடுக்க வேண்டியிருந்தது. “நடந்து போய்க் குடுத்துட்டு வந்துடறேன் சார், நீங்க ஒக்காருங்க” என்று டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

வண்டி சரிவில், மூக்கு கீழே பார்த்தபடி நின்றிருந்தது. முன் சக்கரத்துக்கு ஒரு கல். அது அவருடைய ஜீப் காலத்துப் பழக்கம். மலைக்கு வரும் பழைய ஜீப்புகளில் செல்ஃப் எடுக்காது. கல்லை எடுத்து உருட்டி விட்டால்தான் கிளம்பும். அதனால் மலை டிரைவர்கள் எல்லோரும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார்கள். இந்த வண்டிக்கு அது தேவையில்லை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “கை கேக்கல சார்” என்பார்.

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக அவரே எல்லாம் பார்க்கிறாரே, இன்றைக்கு நாம் ஏதாவது செய்து வைக்கலாம் என்று தோன்றியது. பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். அப்படியே இருந்தது. சரிவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், கம்பி பொய் சொல்லும், சமதரையில் நிறுத்தித்தான் அளவு பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிய கை இது. அன்று சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லைத் தாண்டித்தான் போய் நின்றேன். அப்போதும் உறைக்கவில்லை. வண்டியின் பின்னால் எப்போதும் ஒரு டப்பா ஆயில் இருக்கும். ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் இருந்தது. முழுவதையும் ஊற்றிவிட்டு, கையைச் செடியில் துடைத்துக்கொண்டேன்.

அவர் வந்ததும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. கீழே இறங்கி டீ குடிக்கும்போது, ‘பார்த்தீங்களா, இன்றைக்கு நான் உங்கள் வேலையைச் செய்தேன்’ என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மறியல் முடிந்துவிட்டதாக யாரோ சொன்னதால் அவர் அவசரமாக வந்து கல்லைத் தள்ளி, வண்டியை எடுத்தார்.

மறியல் முடியவில்லை. மலையிறங்கி, கோமுகி அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் சாலையை அடைத்து ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்கு வந்து, கூட்டத்துக்குப் பத்தடி முன்னால் நிறுத்தினார். அப்போது என்ஜின் தானாக உறுமத் தொடங்கியது. உறுமல் ஏறிக்கொண்டே போயிற்று.

“சார், நான் கால எடுத்துட்டேன்!” முழங்காலைத் தூக்கிக் காட்டினார். சாவியைத் திருப்பி வெளியே எடுத்தார். என்ஜின் நிற்கவில்லை. இன்னும் கத்தியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை எழும்பி எங்களையும் சாலையையும் மூடியது.

என்ன நடக்கிறது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. அளவுக்கு மேல் நின்ற ஆயிலை, அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிட்டது. இறக்கம் முழுக்க அந்த நுரை மூச்சுக்குழாய் வழியாக ஏறி டர்போவின் வாயில் சேர்ந்திருக்கிறது. இனி அதற்கு டீசல் வேண்டாம். தன் ஆயிலையே குடித்து, தீரும் வரை அல்லது வெடிக்கும் வரை ஓடும். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் எனக்குத் தெரியும்: உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, என்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். நான் புகையைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

“கெட்டியா புடிச்சிக்குங்க!” என்று கத்திவிட்டு, டிரைவர் ஐந்தாவது கியரைப் போட்டார். வலது காலால் பிரேக்கை மிதித்து அதன் மேலேயே ஏறி நின்றதுபோல அழுத்தினார். கிளட்சை விட்டார். வண்டி ஒரு முழம் முன்னால் குதித்து, உடம்பெல்லாம் உதறி, செத்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு. மறியலைப் பார்த்ததும் ஒரு வண்டி உறுமியது, புகை கக்கியது, அவர்கள் மேல் பாய்ந்தது.

“ஏத்தப் பாக்கறான்டா!”

கதவைத் திறந்து அவரை இழுத்துப் போட்டார்கள். ஒருவன் அறைந்தான்.

“எந்த ஊருடா நீ?”

“நைனார்பாளையங்க.”

“நைனார்பாளையத்துல எங்க?”

அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு இன்னொரு அடி விழுந்தது. நான் இந்தப் பக்கம் இறங்கிச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கூட்டத்தில் என்னைத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

“வாத்தியாருங்களா? நீங்களா உள்ள இருந்தீங்க?”

“வண்டியில கோளாறுப்பா. என்ஜின் தானா ரேஸ் ஆயிடுச்சி. அவன் நிறுத்தினான், ஏத்தல. வுடுங்க அவன.”

“தானா எப்டிங்க ஆவும்? வண்டிய பாத்துக்கறது யாரு?”

“டிரைவர்தான்” என்றேன்.

அது பொய் அல்ல. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. சட்டைப் பொத்தான் அறுந்து நின்ற அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றுதான் பார்த்திருப்பார்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனோம். டர்போ போயிருந்தது. ஒரு பிஸ்டனும் உருகியிருந்தது. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் என்னிடம் படித்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, வேலையாட்களிடம், “சார்கிட்டதான்டா நான் இன்ஜினே கத்துக்கினேன்” என்றார். பிறகு வண்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “இவ்ளோ எரிச்ச பிறகும் அளவுக்கு மேல ஆயில் நிக்குது சார். யாரு ஊத்தனது?”

மச்சான் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் போய், சிமெண்டுத் தரையில் நின்ற வண்டியின் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். பிறகு பின்கதவைத் திறந்தார். காலி டப்பா அங்கே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“வேணும்னே செஞ்சிருப்பான் மாமா. நம்ம ஆளுங்க ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்கறது இவனுக்குப் புடிக்கல” என்று மச்சான் வரும் வழியில் சொன்னார். அப்படி இருக்காது என்றுகூட நான் சொல்லவில்லை. ‘ம்’ என்றேன்.

இரண்டு நாள் கழித்து டிரைவர் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா மொதலாளி கேப்பாரு சார். வேல போனாப் போவுது. ஆளுங்க மேல வண்டிய ஏத்தப் பாத்தான்னு ஸ்டாண்டு பூரா பேசறாங்க. அது மட்டும் இல்லன்னு சொல்லிடுங்க.”

“பாக்கலாம்பா” என்றேன்.

ஊற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். என் மாணவன் நாற்காலி போட்டுவிட்டான். அதிலிருந்து எழுந்து, சரிவில் வைத்து ஆயில் பார்த்த மடையன் நான்தான் என்று சொல்லத் துணிவில்லை. ஒரு மனிதரின் பெயரைவிட எனக்கு அந்த நாற்காலி பெரிதாகப் பட்டது. அந்த வருடங்களில் பழியை அவர் மேல் போடுவது சுலபமாகவும் இருந்தது. யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

மச்சான் அவரை நிறுத்திவிட்டார். கள்ளக்குறிச்சி கார் ஸ்டாண்டில் வேறு யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. சில மாதம் கழித்து அவர் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

புது டிரைவரோடு இரண்டு சனிக்கிழமை மலைக்குப் போனேன். அவன் நல்ல பையன்தான். மேலே போய் நின்றதும் சாவியைத் திருப்பி இறங்கிப் போய்விட்டான். நான் அந்த முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு மாடியிலேயே இருந்தேன். தெருவில் டீசல் வண்டி நின்றால் எட்டிப் பார்ப்பேன். கடையில் இஞ்சி பார்த்தால் மலை நினைவு வரும். பேப்பரில் ஏதாவது வேடிக்கையாகப் படித்தால், இதை அவரிடம் சொன்னால் என்ன பதில் சொல்வார் என்று யோசிப்பேன். அவருடைய பதில்கள் எனக்கு வராது. அவரைப்போலப் பேச எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு நாள் பஸ் ஏறி நைனார்பாளையம் போனேன். வீட்டில் அவருடைய மனைவி இருந்தார்.

“ஓசூர்ல கம்பெனி பஸ்ஸு ஓட்டறாரு. இன்னாத்துக்குங்க இப்ப?” என்று கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. நம்பரை என் பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.

“சார்! நல்லாக்கீறீங்களா?” என்றார் டிரைவர் போனில். குரல் மாறவில்லை. நான் வணக்கம்கூடச் சொல்லாமல், “அந்த ஆயில ஊத்தினது நான்தான்” என்றேன்.

“தெரியும் சார். டப்பாவ பாத்தன்னிக்கே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நான் சொன்னா எவன் சார் நம்புவான்? இன்ஜின் வாத்தியாரயே கொற சொல்றியான்னு இன்னும் ரெண்டு வுழுந்திருக்கும்.”

“மன்னிச்சிடுங்க.”

“எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? ஸ்டாண்டுல சொல்லுங்க. அங்கதான் எம்பேரு கெட்டுச்சி.”

முதலில் மச்சானிடம் சொன்னேன். “அந்த வண்டியே வித்தாச்சி மாமா, இப்பப் போயி அத்த கிளறிக்கினு. நீங்க ஊத்தனா இன்னா, அவன் பாத்திருக்கணும் இல்ல?” என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். வாடகைக்குப் போகிறவன் என்று நினைத்து ஒருவர் கதவைத் திறந்தார். “சவாரி இல்லப்பா, ஒரு விஷயம் சொல்லணும்” என்று நின்றபடியே சொன்னேன். ஆறு பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. “எந்த டிரைவருங்க?” என்றான் ஒரு சின்னப் பையன். வயதான ஒருவர்தான், “மறியல்ல ஏத்தப் பாத்தான்னு சொன்னாங்களே, அந்த ஆளுடா” என்றார்.

“ஏத்தப் பாக்கல. அன்னிக்கு அவர் நிறுத்தலன்னா என்ஜின் வெடிச்சி பத்துப் பேர் செத்திருப்பாங்க. ஆயில அதிகமா ஊத்தினது நான்” என்று முழுவதையும் சொன்னேன். எங்கே நிறுத்தியிருந்தது, எப்படிப் பார்த்தேன், எவ்வளவு ஊற்றினேன் என்று எல்லாம்.

“ஸ்லோப்புல வெச்சியா ஆயில் பாத்தீங்க?” ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். “எங்கூட்டு கிளீனரு கூட பாக்கமாட்டானே! நீங்க எதுக்கு சார் வாத்தியாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றேன். வயதானவர் மட்டும் சிரிக்கவில்லை. “இத்தச் சொல்ல இத்தினி வருசமா? அவனுக்கு ஒரு வண்டி சொல்லலாம்னு எங்க மொதலாளிகிட்ட வாயெடுத்தேன். அப்பறம் நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு வுட்டுட்டேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மத்தியானம் டிரைவருக்கு மறுபடி போன் செய்து, சொல்லிவிட்டேன் என்றேன்.

“யாரு யாரு சார் இருந்தாங்க?”

பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லியும், தெரியாதவர்களை வண்டியின் நிறம் சொல்லியும் ஒவ்வொருவராகச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும், “அவன் இன்னா சொன்னான்?” என்று கேட்டார். வயதானவர் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

“ஒங்களப் பாத்து சிரிச்சாங்களா?”

“நல்லாவே சிரிச்சாங்க.”

“சரிங்க சார்.” அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஏதோ ஒரு சங்கு ஊதியது. “ஷிஃப்டு ஏத்தணும், வெச்சிடட்டுங்களா?”

ஊருக்கு லீவில் வரும்போது ஒரு தடவை பஸ்ஸிலாவது கரியாலூர் போய் வரலாமா என்று கேட்க நினைத்திருந்தேன். அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. இனி கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம், நான் தொந்தரவு செய்யக் கூடாது. சனிக்கிழமைகளில் மட்டும் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, மணிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். காது இப்போது கொஞ்சம் மந்தம்.